ஸ்கோரர் பதில்கள்: 29க்கு 4

போன இதழில் ஒரு கிரிக்கெட் கேள்விக்குப் பதில் சொல்லும்போது, 1950இல் அமெரிக்காவில் நடந்த ஒரு பேஸ்பால் ஆட்டத்தில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணியை 29–4 என்று தோற்கடித்ததை ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒற்றை வரியைப் பற்றித்தான். ஆகவே இந்த இதழில் கிரிக்கெட்டுக்கு விடுமுறை.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: நான் ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். பொன்மலை மைதானத்தில் 31 ஆண்டுகள் ஞாயிற்றுக்கிழமை ஸ்கோரர். பாஸ்டனுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் மகள் வீட்டில் மூன்று தடவை ஆறாறு மாதம் தங்கியதில் பேஸ்பால் ஒட்டிக்கொண்டது. பனிக்காலத்தில் வேறு வேலை இல்லாமல் பழைய ஸ்கோர் அட்டைகளைப் படித்தேன். அவ்வளவுதான் என் தகுதி.

29 ரன் எடுத்ததற்கா இவ்வளவு ஆச்சரியம்? எங்கள் தெருப் பையன்கள் இரண்டு ஓவரில் எடுப்பார்கள்.
— வாசகர், மதுரை

எடுப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் பையன்களுக்கு எதிர் ஸ்டம்புவரை ஓடினால் ஒரு ரன். பேஸ்பாலில் வைரக்கல் வடிவத்தில் நான்கு மூலைகள் இருக்கின்றன, மூலைக்கு மூலை 90 அடி. அடித்தவன் மொத்தம் 360 அடி சுற்றி, புறப்பட்ட இடத்திலேயே திரும்ப வந்து கால் வைத்தால்தான் கணக்கில் ஒன்று ஏறும். பெரும்பாலும் ஒரே மூச்சில் வந்துவிட முடியாது. முதல் மூலையில் போய் நின்றுகொண்டு, அடுத்த ஆள் அடிக்கிறாரா என்று பார்த்துக் காத்திருக்க வேண்டும். அதற்குள் மூன்று பேர் அவுட்டாகிவிட்டால் அந்த இன்னிங்ஸ் முடிந்தது. ஓர் ஆட்டத்தில் அணிக்கு இப்படி ஒன்பது இன்னிங்ஸ். மூன்றாவது மூலைவரை வந்துவிட்டவனுக்கும் சல்லிக்காசு கிடையாது. சென்னைக்கு டிக்கெட் வாங்கியவனைத் தாம்பரத்தில் இறக்கிவிட்ட மாதிரி.

அங்கே உச்சநிலையில் 'பெரிய லீக்' இரண்டு; இந்த இரு அணிகளும் ஆடியது அமெரிக்கன் லீகில். அந்த ஆண்டு அதில் ஓர் அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எடுத்தது ஐந்து ரன். ஒருநாள் கிரிக்கெட்டில் சராசரி 250 என்று வைத்துக்கொண்டு அதே விகிதத்தில் பெருக்கிப் பாருங்கள்: 1,450 வரும். மதுரைப் பையன்கள் அதை எடுத்த அன்று எனக்குத் தந்தி அடியுங்கள். தந்தி நின்றுபோனது தெரியும்.

அன்று என்னதான் நடந்தது? எங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்லுங்கள்.
— வாசகி, திருநெல்வேலி

1950 ஜூன் 8, வியாழக்கிழமை. பாஸ்டனில் ஃபென்வே பார்க். கதை உண்மையில் முதல் நாளே தொடங்கிவிட்டது. ஜூன் 7 அன்று இதே இரு அணிகள், இதே மைதானம். பாஸ்டன் 20, பிரவுன்ஸ் 4. அடி வாங்கிய அணி இரவு தூங்கி எழுந்து மறுநாள் மறுபடி அதே வாசல் வழியாக உள்ளே வர வேண்டியிருந்தது.

முதல் இன்னிங்ஸில் பாஸ்டன் ஒன்றும் எடுக்கவில்லை. சுத்தமான பூஜ்யம். நேற்றோடு இவர்கள் பசி அடங்கிவிட்டது என்று பிரவுன்ஸ் நினைத்திருந்தால் அதில் தப்பில்லை. இரண்டாவதில் எட்டு வந்தது. மூன்றாவதில் ஐந்து. நான்காவதில் ஏழு. மூன்றே இன்னிங்ஸில் இருபது ரன்! ஐந்தாவதில் இரண்டு, ஆறாவதில் மறுபடி பூஜ்யம், ஏழாவதில் இரண்டு, எட்டாவதில் ஐந்து. கூட்டிப் பாருங்கள், சரியாக இருக்கும்.

மொத்தம் 28 அடிகள், அதாவது அடித்தவரை அவுட்டாகாமல் மூலையில் கொண்டுபோய்ச் சேர்த்த மட்டையடிகள். அவற்றில் ஹோம் ரன், அதாவது பந்து வேலிக்கு வெளியே போய் அடித்தவர் சாவகாசமாகச் சுற்றி வருவது, ஏழு. பாபி டோயர் மூன்று, வால்ட் டிராபோ இரண்டு, டெட் வில்லியம்ஸ் இரண்டு. டோயரின் அடிகளால் மட்டும் எட்டு ரன் உள்ளே வந்தது, டிராபோவால் ஏழு, வில்லியம்ஸால் ஐந்து. ஆல் ஸரில்லா என்பவர் நான்கு டபுள் அடித்தார். டபுள் என்றால் ஒரே அடியில் இரண்டாம் மூலைவரை. ஜானி பெஸ்கிக்கு ஐந்து அடிகள்.

இதையெல்லாம்விட என் கண் போய் நிற்பது சக் ஸ்டாப்ஸ் என்ற பெயரில். அவர் பாஸ்டனின் பிட்ச்சர், பந்து எறிகிறவர். அந்தக் காலத்தில் பிட்ச்சர்களும் மட்டை பிடிக்க வேண்டும். நம் பதினோராவது ஆட்டக்காரர் மாதிரித்தான் பிடிப்பார்கள். எதிரணிக்கு அது ஓய்வு நேரம். அப்படிப்பட்டவருக்கு பிரவுன்ஸ் பிட்ச்சர்கள் அடுத்தடுத்து நான்கு இன்னிங்ஸில் நான்கு 'வாக்' கொடுத்தார்கள். அடிக்க எட்டாத பந்தாக நான்கு போட்டுவிட்டால், மட்டைக்காரர் நடந்தே முதல் மூலைக்குப் போகலாம், அதுதான் வாக். ஆள் அடிக்கமாட்டார் என்று தெரிந்தும் அவருக்கு நேராகப் பந்து போட முடியவில்லை. அந்த அணி எந்த அளவுக்கு நொந்து போயிருந்தது என்பதற்கு ஏழு ஹோம் ரன்களைவிட இந்த நான்கு வாக்தான் எனக்குச் சாட்சி.

அதே ஸ்டாப்ஸ் 1953இல் வாஷிங்டன் அணிக்குப் போய், அங்கே நியூயார்க் யாங்கீஸ் அணியின் மிக்கி மேன்டிலுக்கு ஒரு பந்து போட்டு, அது 565 அடி போனதாகச் சொல்லப்படுகிற ஹோம் ரன்னாகி, அதனாலேயே இன்றுவரை நினைக்கப்படுகிறார். அளந்த விதம் பற்றிச் சண்டை இன்னும் ஓயவில்லை. 29 ரன் ஆட்டத்தில் ஜெயித்த பிட்ச்சர் என்று அவரை யாரும் சொல்வதில்லை.

20 ரன் வந்தபோதே டிக்ளேர் செய்திருக்கலாமே? பாஸ்டன்காரர்களுக்கு ஈவிரக்கம் இல்லையா?
— ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், பட்டுக்கோட்டை

ஆசிரியர் ஐயா, அந்தச் சொல்லே அங்கே கிடையாது.

நம் ஆட்டத்தில் 500 அடித்த கேப்டன் பெவிலியன் மாடியில் வந்து கையை அசைத்தால் போதும், ஓய்ந்துபோன பந்துவீச்சாளர்கள் உள்ளே போய்த் தண்ணீர் குடிக்கலாம். அவர் அசைக்காவிட்டாலும் வெளிச்சம் மங்கும், ஐந்தாம் நாள் மாலை வரும். கால்பந்தில் நடுவர் கையில் கடிகாரம் இருக்கிறது. எட்டு கோல் வாங்கினாலும் தொண்ணூறு நிமிடத்துக்குப் பிறகு ஊதிவிடுவார். பேஸ்பாலில் களத்தில் நிற்கிற அணி அங்கிருந்து வெளியேற ஒரே வழி, எதிரணியில் மூன்று பேரை அவுட்டாக்குவது. அதை அவர்கள்தான் செய்தாக வேண்டும். எதிரி இரக்கப்பட்டு நிறுத்த முடியாது. மட்டையைச் சும்மா வீசி வேண்டுமென்றே அவுட்டாகலாம் என்று கேட்பீர்கள். 25 ரன் பின்தங்கியவனிடம் அதைச் செய்து காட்டிப் பாருங்கள், அப்போது தெரியும் எது அவமானம் என்று.

மழை வந்தால் நிறுத்துவார்கள். அன்று வரவில்லை.

ஒரே ஒரு சலுகை விதியிலேயே இருக்கிறது. சொந்த ஊர் அணி இரண்டாவதாகத்தான் மட்டை பிடிக்கும். ஒன்பதாவது இன்னிங்ஸில் விருந்தாளி அணி ஆடி முடித்ததும் சொந்த ஊர் அணி முன்னிலையில் இருந்தால் மீதி ஆட வேண்டியதில்லை. ஸ்கோர் அட்டையில் அந்தக் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டு மூடிவிடுவார்கள். பிரவுன்ஸ் 27 அவுட் எடுக்க வேண்டியது 24ஆகக் குறைந்தது. ஆக அந்த 29 ஒன்பது இன்னிங்ஸில் வந்ததல்ல, எட்டில் வந்தது. பிற்பாடு இந்த எண்ணைத் தொட்டவர்களையும் தாண்டியவர்களையும் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

பள்ளிக்கூட ஆட்டங்களில் பத்து ரன் வித்தியாசம் வந்தால் நிறுத்துகிற விதி அமெரிக்காவில் பரவலாக உண்டு. நீங்கள் உடற்கல்வி ஆசிரியர், அதை ஒப்புக்கொள்வீர்கள். நானும் ஒப்புக்கொள்கிறேன். சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அது இல்லை.

இந்த ஆட்டத்தில் ஏதாவது கணக்குப் புதிர் இருக்கிறதா தாத்தா?
— எட்டாம் வகுப்பு மாணவி, கரூர்

இருக்கிறது அம்மா. பென்சிலை எடுத்துக்கொள்.

பாஸ்டனின் மட்டை வரிசையில் முதல் ஆள் கிளைட் வோல்மர். அவர் அன்று எட்டு இன்னிங்ஸில் எட்டு முறை மட்டை பிடித்தார். பேஸ்பாலில் ஒன்பது பேர் சுற்றிச் சுற்றி வருவார்கள். அவுட்டானவரும் தன் முறை வரும்போது மறுபடி வரலாம். முதல் ஆள் எட்டாவது முறை வந்தார் என்றால், அதற்கு முன் முழு வரிசையும் ஏழு சுற்று முடித்திருக்க வேண்டும். ஏழு ஒன்பது 63. அவரையும் சேர்த்தால் 64. ஆகக் குறைந்தது 64 தடவை பாஸ்டன்காரர்கள் மட்டையோடு வந்து நின்றார்கள்.

அந்த 64 பேரும் என்ன ஆனார்கள்? சுற்றி வந்து ரன் எடுத்தவர்கள் 29. அவுட்டானவர்கள் எட்டு இன்னிங்ஸுக்கு மூன்று மூன்றாக 24. இரண்டும் சேர்ந்து 53. மீதி 11 பேர் எங்கே? மைதானத்தில்தான். ஏதாவது ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தபோது மூன்றாவது அவுட் விழுந்துவிட்டது. 29 ரன் எடுத்ததற்கு மேலும் குறைந்தது 11 பேர் தாம்பரத்தில் இறக்கிவிடப்பட்டவர்கள்!

இப்படிச் சரிபார்ப்பதற்கு அங்கே 'நிரூபித்தல்' என்றே பெயர். வந்தவர்கள் தொகையும், ரன், அவுட், மிச்சம் மூன்றின் தொகையும் ஒன்றாக இருந்தால் ஸ்கோர் அட்டை சரி. நம்முடைய புத்தகத்தில் மட்டைக்காரர்கள் ரன்னும் உதிரியும் சேர்ந்தது, பந்துவீச்சாளர்கள் கொடுத்த ரன்னோடு ஒத்துப்போக வேண்டுமே, அதன் ஒன்றுவிட்ட சகோதரன். இன்னொன்றும் உனக்கு: 28 அடிகளில் 7 ஹோம் ரன், 1 டிரிபிள், 9 டபுள், மீதி ஒற்றை. ஹோம் ரன்னுக்கு நான்கு மூலை, டிரிபிளுக்கு மூன்று, டபுளுக்கு இரண்டு. அடியால் மட்டும் கடந்த மூலைகள் எத்தனை? விடை 60. நீயே போட்டுப் பார். வரவில்லை என்றால் உன் கணக்கில்தான் பிழை. நான் நான்கு தடவை போட்டுவிட்டேன்.

எல்லோரும் அடித்தவர்களையே பேசுகிறீர்கள். வாங்கியவர்கள் யார்?
— வாசகர், தூத்துக்குடி

உங்கள் கடிதத்துக்காகத்தான் இந்த இதழே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு பேர். கிளிஃப் ஃபேனின், கட்டில்ஸ் மார்ஷல், சிட் ஷாக்ட், டாம் ஃபெரிக்.

தொடங்கியவர் ஃபேனின். பெரிய லீகில் தன் வாழ்நாள் முழுவதும் பிரவுன்ஸுக்கு மட்டுமே எறிந்தவர். அடுத்து மார்ஷல். 'கட்டில்ஸ்' என்பது கொஞ்சலான பட்டப்பெயர். நான்கு ஆண்டுகளுக்கு முன், 1946 மே 28 அன்று, நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் முதன்முதலாக விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம் நடந்தபோது யாங்கீஸுக்காக முதல் பந்தை எறிந்தவர் அவர்தான். ஊரே புது விளக்கைப் பார்க்க வந்த இரவு அது. 1950 அவருக்குக் கடைசிப் பருவம்.

ஷாக்ட் பெரிய லீகில் எறிந்தது இரண்டே பருவங்கள். ஒரு வெற்றிகூட அவர் கணக்கில் ஏறவில்லை. அதைப் படித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. ஒரு மனிதன் ஊரிலேயே மிகச் சிறந்த பந்து எறிகிறவனாக இருந்தால்தான் அந்த மைதானத்துக்குள் போகவே முடியும். போன பிறகு புத்தகத்தில் பூஜ்யம்.

நான்காமவர் ஃபெரிக்கின் கதை வேறு திக்கில் போனது. இந்த ஆட்டம் முடிந்த ஒரே வாரத்தில், ஜூன் 15 அன்று, பிரவுன்ஸ் அவரை யாங்கீஸுக்கு மாற்றிவிட்டது. அந்த அக்டோபரில் உலகத் தொடர் இறுதி. பிலடெல்பியாவுக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸில் ஃபெரிக் உள்ளே வந்து எறிந்தார். யாங்கீஸ் 3–2 என்று ஜெயித்தது. ஜெயித்த பிட்ச்சர் என்று அவர் பெயர் எழுதப்பட்டது. ஜூனில் 29 கொடுத்த கூட்டத்தில் ஒருவர், அக்டோபரில் உலக சாம்பியன். இதை ஒரு சினிமாவில் வைத்தால் நம்பமாட்டீர்கள்.

மேட்ச் பிக்சிங் இருந்திருக்குமோ?
— வாசகர், சென்னை-33

காசு வாங்கித் தோற்கிறவன் 5–4 என்று தோற்பான். 29 கொடுத்து ஊர் வாயில் விழமாட்டான்.

காரணம் வறுமை. செயின்ட் லூயிஸில் அப்போது இரண்டு அணிகள். மைதானத்துக்குச் சொந்தக்காரர் பிரவுன்ஸ், வாடகைக்கு இருந்தது கார்டினல்ஸ். ஆனால் கூட்டம் வாடகைக்காரருக்குத்தான். 1950 பருவம் முழுவதும் பிரவுன்ஸ் ஆட்டங்களைப் பார்க்கச் சொந்த ஊரில் வந்தவர்கள் இரண்டரை லட்சம்கூட இல்லை. பணத்துக்கு ஆட்டக்காரர்களை விற்றார்கள். யாரிடம்? பாஸ்டனிடம்! 1947 நவம்பரில் வெர்ன் ஸ்டீபன்ஸையும் ஜாக் கிராமரையும் மூன்று லட்சம் டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். 1949இல் ஸரில்லாவும் பாஸ்டனுக்குப் போனார். மேலே நான்கு டபுள் அடித்தார் என்றேனே, அவர்தான். 1944இல் பிரவுன்ஸ் தன் சரித்திரத்தில் ஒரே ஒரு முறை லீக் பட்டம் வென்றபோது ஸ்டீபன்ஸும் ஸரில்லாவும் அந்த அணியின் பிள்ளைகள். வீட்டுப் பாத்திரத்தை அடகு வைத்து, அதே பாத்திரத்தால் அடி வாங்குவது என்றால் இதுதான்.

இன்னொரு கூத்து. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் தோல்வி மனப்பான்மையைப் போக்க பிரவுன்ஸ் ஓர் ஆளை வேலைக்கு வைத்தது. டேவிட் டிரேசி என்ற மனோவசியக்காரர். பயிற்சி முகாமில் ஆட்டக்காரர்களை உட்காரவைத்துத் தன்னம்பிக்கை ஊட்டினார். பலனை ஸ்கோர் அட்டையில் காண்க.

இவ்வளவு அடித்த பாஸ்டன் அந்த ஆண்டு கோப்பை வாங்கியதா?
— வாசகி, புதுச்சேரி

இல்லை. மூன்றாம் இடம். 154 ஆட்டங்களில் 94 வெற்றி, 1,027 ரன், அணி முழுவதற்குமான மட்டைச் சராசரி 0.302, அதாவது பத்து முயற்சிக்கு ஏறக்குறைய மூன்று அடி. அதற்குப் பிறகு இன்றுவரை எந்தப் பெரிய லீக் அணியும் ஒரு பருவத்தில் 0.300ஐத் தொடவில்லை. கோப்பை யாங்கீஸுக்கு. மேலாளர் ஜோ மெக்கார்த்தி, 29 அடித்த அதே ஜூன் மாதத்திலேயே பதவியை விட்டுப் போய்விட்டார். ஜூலையில் டெட் வில்லியம்ஸ் ஒரு காட்சி ஆட்டத்தில் பந்தைப் பிடிக்கப்போய்ச் சுவரில் மோதி முழங்கையை உடைத்துக்கொண்டார்.

29க்கு ஒரு வெற்றி, 2–1க்கும் ஒரு வெற்றி. நெட் ரன் ரேட் என்ற நம்முடைய கண்டுபிடிப்பு அவர்களுக்குத் தெரியாது.

அந்தச் சாதனை இன்னும் இருக்கிறதா?
— வாசகர், ஈரோடு

ஐந்தாவது வருடமே பங்காளி வந்துவிட்டார். 1955 ஏப்ரல் 23 அன்று கான்சாஸ் சிட்டியில், சிகாகோ வொயிட் சாக்ஸ் 29, கான்சாஸ் சிட்டி ஏ'ஸ் 6. பாஸ்டனில் இரண்டு ஹோம் ரன் அடித்த டிராபோ அதற்குள் சிகாகோவுக்கு மாறியிருந்தார். இரண்டு 29களிலும் ஜெயித்த பக்கம் இருந்தார். அந்த அணியின் கேட்சர், நம் விக்கெட் கீப்பர் மாதிரி, ஷெர்ம் லாலர் அன்று ஐந்து அடிகள் அடித்தார். அவர் 1950இல் எந்த அணியில் இருந்தார் தெரியுமா? பிரவுன்ஸ். எண் தெரிந்த கடன்காரர் மாதிரி ஐந்து வருடம் கழித்து வசூலித்துவிட்டார், பாவம், வேறு வீட்டில்.

அமெரிக்கன் லீகில் அது முறிய 1950இலிருந்து 57 ஆண்டுகள் ஆயின. 2007 ஆகஸ்ட் 22 அன்று டெக்சஸ் ரேஞ்சர்ஸ் 30, பால்டிமோர் ஓரியோல்ஸ் 3. இந்த ஓரியோல்ஸ் யார்? 1954இல் செயின்ட் லூயிஸை விட்டுக் கிளம்பி, பால்டிமோருக்குக் குடிபோய்ப் பெயரை மாற்றிக்கொண்ட பழைய பிரவுன்ஸ்தான்! பெயரை மாற்றினாலும் ஜாதகம் மாறவில்லை. அன்று மூன்று இன்னிங்ஸ் முடிவில் பால்டிமோர்தான் 3–0 என்று முன்னிலை. தற்காலிக மேலாளராக இருந்தவரை நிரந்தரமாக்கி அறிவித்ததும் அதே நாளில். அது இரட்டை ஆட்டத்தின் முதல் ஆட்டம் வேறு. முப்பது வாங்கிய கையோடு மறுபடி களமிறங்கி அதிலும் தோற்றார்கள்.

அந்த ஆட்டத்தில் என்னை மாதிரி ஆட்களைச் சிரிக்கவைக்கும் ஒரு வரி உண்டு. டெக்சஸின் வெஸ் லிட்டில்டன் என்ற பிட்ச்சர் 14–3 என்று இருந்தபோது வந்து கடைசி மூன்று இன்னிங்ஸ் எறிந்தார். விதிப்படி, ஜெயிக்கும் அணிக்காகக் கடைசி மூன்று இன்னிங்ஸை ஒழுங்காக எறிந்து முடித்தால் வெற்றியைக் காப்பாற்றியவர் என்று பெயர் எழுத வேண்டும். எழுதினார்கள். 27 ரன் வித்தியாச வெற்றியைக் காப்பாற்றினார்! விதியை அப்படியே எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றிய அந்த முகம் தெரியாத ஸ்கோரருக்கு என் வணக்கம்.

இன்னொரு பெரிய லீகான நேஷனல் லீகில் 2020 செப்டம்பர் 9 அன்று அட்லான்டா பிரேவ்ஸ் மயாமிக்கு எதிராக 29–9. அந்த அட்லான்டாவும் தன் மைதானத்தில் ஆடி எட்டு இன்னிங்ஸில் எடுத்தது. ஈரோட்டுக்காரர் கேட்டதால் சொன்னேன். பழைய காலத்தையும் சேர்த்தால் எல்லாவற்றுக்கும் மேலே 1897இல் சிகாகோ எடுத்த 36 இருக்கிறது.

பேஸ்பாலை நேரில் பார்த்திருக்கிறீர்களா, இல்லை எல்லாம் படித்த கதையா?
— வாசகர், காரைக்குடி

அதே ஃபென்வே பார்க்கில் இரண்டு முறை. மருமகன் டிக்கெட் வாங்கினார். விலையை என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

1912இல் திறந்த மைதானம். இடது பக்கம் 37 அடி உயரத்துக்கு ஒரு பச்சைச் சுவர், மட்டைக்காரருக்கு மிக அருகில். உயரமாக அடித்தால் தாண்டிப் போகும், தாழ்வாக அடித்தால் மோதித் திரும்பும். திரும்பினால் பெரும்பாலும் டபுள். ஒன்பது டபுள் எப்படி வந்தது என்று படிக்கும்போது புரியாதது, அந்தச் சுவரைப் பார்த்ததும் புரிந்தது. சுவரின் அடியிலேயே ஸ்கோர் பலகை. இன்றும் ஆள் உள்ளே இருந்து கையால் எண் தகடு மாட்டுகிறார். எனக்கு ஆட்டத்தில் பாதி மறந்துபோயிற்று, அந்தத் தகடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொன்மலையில் எங்களிடம் '3' என்ற தகரம் இரண்டுதான் இருந்தது. 133க்கு 3 என்று வந்தால் ஒரு '8'ஐ எடுத்து இடது பக்கத்தைச் சாக்பீஸ் மாவால் பூச வேண்டும்.

பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர், என் வயதுதான், மடியில் அட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். ஓரக்கண்ணால் பார்த்தேன். ஒரு கட்டத்தில் 6–4–3 என்று இருந்தது. ஒரு சிக்சர், ஒரு பவுண்டரி, ஒரு மூன்று, பலே என்று நினைத்துக் கைதட்டப் போனேன். சுற்றியிருந்தவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே களத்தில் நிற்பவர்களுக்குத்தான் எண். பிட்ச்சர் 1, கேட்சர் 2 என்று போய், 6 பிடித்து 4க்கு எறிந்து, 4 அதை 3க்கு எறிந்தால், பாஸ்டனின் இரண்டு பேர் ஒரே பந்தில் அவுட். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பென்சில் கொடுத்து, மீதி ஆட்டம் முழுவதும் எனக்குப் பாடம் எடுத்தார். கடைசியில் நான் என் பங்குக்கு மெய்டன் ஓவரை எப்படி எழுதுவது என்று காட்டினேன். ஆறு புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுத்து 'எம்' ஆக்கியதும் மனிதர் குழந்தை மாதிரி சிரித்தார்.

உங்களுக்கு வேறு வேலையே இல்லையா?
— வாசகி, தஞ்சாவூர்

என் மனைவியின் கையெழுத்து எனக்குத் தெரியாது என்று நினைத்து யாரோ ஊர் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

அன்று எத்தனை பேர் அந்த ஆட்டத்தைப் பார்த்தார்கள்? கடைசிவரை யாராவது உட்கார்ந்திருப்பார்களா?
— வாசகர், நாகர்கோவில்

5,105 பேர். முப்பதாயிரத்துக்கு மேல் கொள்ளும் மைதானம் அது. வியாழக்கிழமை, எதிரணியோ பிரவுன்ஸ், முதல் நாள் 20–4. வந்ததே அதிகம்.

கடைசிவரை உட்கார்ந்திருந்த ஓர் ஆளை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்: ஸ்கோரர். அவர் எழுந்து போக முடியாது. இதை என் அனுபவத்தில் சொல்கிறேன். பொன்மலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓர் அலுவலக அணி 19 ரன்னுக்குச் சுருண்டது. சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே எல்லாம் முடிந்து, பார்க்க வந்தவர்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அம்பயர் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் கூட்டல் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அணியின் பதினோராவது ஆள், இருபது வயது இருக்கும், கால் கவசத்தைக் கழற்றாமலே மேசைக்கு வந்து நின்றான்.

"சார், நான் ஒரு ரன் எடுத்தேன். போட்டிருக்கிறீர்களா?"

புத்தகத்தைத் திருப்பிக் காட்டினேன். அவன் பெயருக்கு நேரே ஒன்று இருந்தது. விரலை வைத்துப் பார்த்துவிட்டுப் போனான்.